ஃபிரஸாத்தியைப் பற்றி நம் பிள்ளைகளிடம் எதைச் சொல்வது?

மலையடிவாரம் (ஞாயிறு, இரவு 9.10)

சேலத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் இளைஞர் ஞாயிறு நெருங்குகிறது. இந்த வருடம் பேசும் பொறுப்பைப் பங்குத்தந்தை என்னிடம் கொடுத்துவிட்டார். யாரைப் பற்றி என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார்: புனித பியர் ஜார்ஜோ ஃபிரஸாத்தி. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ, கார்லோ அகுதிஸோடு சேர்த்துப் புனிதராக அறிவித்தாரே, அவர்தான். கார்லோவைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஜீன்ஸ், ஷூ, கம்ப்யூட்டர் என்று அந்தப் படம் மனசில் பதிந்துவிட்டது. ஃபிரஸாத்தி பெயரைச் சொன்னால்தான் முழிக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பிறந்தது 1901 ஏப்ரல் 6, இத்தாலியின் தூரின் நகரம். அப்பா ஆல்ஃபிரேதோ, 'லா ஸ்தாம்பா' நாளிதழை நடத்தியவர், செனட்டர், பிறகு ஜெர்மனிக்கு இத்தாலியின் தூதர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அம்மா ஓவியர். ஒரே தங்கை லூசியானா. பையன் தினமும் பூசைக்குப் போவான், ஜெபமாலை சொல்லுவான், மலை ஏறுவான், ஏழை வீடுகளுக்குப் போவான். குருவாகவில்லை, துறவியாகவில்லை. தோமினிக்கன் துறவியரோடு இணைந்த மூன்றாம் சபையில் 1922இல் பொதுநிலையினராக (குருவோ துறவியோ அல்லாதவராக) சேர்ந்தார், அவ்வளவுதான். 1925 ஜூலை 4 அன்று இளம்பிள்ளைவாதம் வந்து 24 வயதில் இறந்துவிட்டார். 1990 மே 20 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அருளாளர் பட்டம் கொடுத்தார், அது புனிதர் பட்டத்துக்கு முந்திய படி.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். என் கவலை வேறு. மலை ஏறியவர், பணக்கார வீட்டுப் பையன், வாயில் பைப் வைத்துக்கொண்டு சிரிக்கிற முகம் என்று சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள், கைதட்டுவார்கள். அப்புறம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். என்னிடம் இருப்பது 20 நிமிடம். எதைச் சொன்னால் மறுநாளும் அவர்களுக்குள் நிற்கும்? நம் ஊர் பிள்ளைகளை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை (ஞாயிறு, இரவு 9.48)

தம்பி, அடகுச் சீட்டிலிருந்து ஆரம்பி.

நான் கொலுசுப் பட்டறைக்காரன். எங்கள் தெருவில் பட்டறையும் அடகுக் கடையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அந்தப் படிகளில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று தினமும் பார்க்கிறேன். ஒரு தோடு, ஒரு சங்கிலி, சில சமயம் குழந்தையின் அரைஞாண் கொடி. வைக்கிறவர்களுக்குப் பொருள் மேல் இருக்கும் பயத்தைவிடத் தேதி மேல் இருக்கும் பயம்தான் பெரிது. தேதி தாண்டினால் ஏலத்துக்குப் போய்விடும். அசலைக் கட்ட முடியாவிட்டாலும் வட்டியையாவது கட்டிச் சீட்டை மாற்றி வைத்துவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் மூச்சு விடலாம்.

இப்போது ஃபிரஸாத்தியின் கடைசி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். 1925 ஜூலை 3. வெள்ளிக்கிழமை என்றால் அவர் ஏழை வீடுகளுக்குப் போகிற நாள். அன்று எழுந்திருக்கவே முடியவில்லை, வாதம் உடம்பில் ஏறிக்கொண்டிருந்தது. தங்கையிடம் சொல்லி, தன் பொருள்களிலிருந்து ஊசி மருந்தையும் ஒரு அடகுச் சீட்டையும் எடுத்துவரச் சொன்னார். விளங்காத கையால் நண்பர் கிரிமால்டிக்கு நாலு வரி எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. விஷயம் இவ்வளவுதான்: ஊசி மருந்து கொன்வெர்ஸோ என்பவருக்கு, அடகுச் சீட்டு சப்பா என்பவருடையது, மறந்துவிட்டேன், என் கணக்கில் புதுப்பித்துவிடு.

மறுநாள் செத்துப்போனார்.

ஒரு புனிதர் கடைசியாக எழுதினது தரிசனத்தைப் பற்றி இல்லை, சொர்க்கத்தைப் பற்றி இல்லை. யாரோ ஒருவருடைய அடகுச் சீட்டுக்குத் தவணை தாண்டக்கூடாது என்பதைப் பற்றி. இதைச் சொன்னால் நம் சேலத்துப் பிள்ளைக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது. பாதிப் பேர் வீட்டுப் பீரோவில் அப்படி ஒரு சீட்டு மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

கடைசி பெஞ்ச் (ஞாயிறு, இரவு 10.02)

அண்ணா, நான் இந்த வருடம் இளைஞர் இயக்கத்தில் சேர்ந்தவன். மனசில் பட்டதைக் கேட்கிறேன். அப்பா பத்திரிகை முதலாளி, செனட்டர், தூதர். அந்த வீட்டுப் பையன் ஏழைக்குக் கொடுத்தார் என்பதில் என்ன ஆச்சரியம்? இருக்கிறது, கொடுத்தார். எங்கள் அம்மா தினக்கூலிக்குப் போகிறார். என்னைப் பார்த்து நீயும் கொடு என்றால் நான் எதைக் கொடுப்பது?

சபை உறுப்பினர் (திங்கள், காலை 6.20)

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. பேச்சில் இதற்குப் பதில் இருந்தே ஆக வேண்டும்.

வீட்டில் பணம் இருந்தது, பையன் கையில் இல்லை. பெற்றோர் கண்டிப்பானவர்கள், செலவுக்கு அளந்துதான் கொடுப்பார்கள். அதிலும் டிராம் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வருவார். சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும், திட்டு விழும். எங்கே போனாய் என்றால் சொல்லமாட்டார். ரயிலில் மூன்றாம் வகுப்பில் போவார். ஏன் என்று கேட்டவரிடம், நான்காம் வகுப்பு இல்லையே என்றாராம். அப்பா தூதராக இருந்தபோது பெர்லின் குளிரில் மேல்கோட்டை ஒரு முதியவருக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அப்பா சத்தம் போட்டார். அவருக்குக் குளிராக இருந்ததே என்பதற்கு மேல் பையனிடம் பதில் இல்லை.

இன்னொன்று. அவர் கொடுத்ததில் பணம் சின்னப் பங்குதான். 1918இல், 17 வயதில், வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தார். அந்தச் சபை நம் மறைமாவட்டப் பங்குகளிலும் இருக்கிறது, நானும் அதில் இருக்கிறேன், அதனால் வேலை எப்படி என்று சொல்ல முடியும். வாரா வாரம் கூட்டம். போன வாரம் எந்த வீட்டுக்குப் போனோம், என்ன நிலைமை, அடுத்து என்ன என்று பேசுவோம். முடிவில் ஒரு பை சுற்றிவரும். உள்ளே கையை விட்டு எடுப்போம். 10 ரூபாய் போட்டாரா, 500 போட்டாரா, ஒன்றுமே போடவில்லையா, யாருக்கும் தெரியாது. அப்புறம் இரண்டு இரண்டு பேராக வீடுகளுக்குப் போவோம். மருந்து வாங்கிக் கொடுப்பது, ரேஷன் கார்டு அலைச்சல், ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எடுத்து வரிசையில் நிற்பது, மகன் கவனிக்காத பாட்டியின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்வது. இதில் பெரும்பாலானதற்குக் காசு வேண்டாம். நேரம் வேண்டும், போன வாரம் போன வீட்டுக்கே இந்த வாரமும் போகிற பொறுமை வேண்டும்.

ஃபிரஸாத்தி செய்ததும் அதே. இடிந்த வீடுகளின் மாடிப்படி ஏறுவார், வேலை தேடிக் கொடுப்பார், மருந்து சுமப்பார். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று அந்தக் குடும்பங்களில் பலருக்குச் சாகும்வரை தெரியாது.

இந்தச் சபையை 1833இல் பாரிஸில் தொடங்கிய பிரெதெரிக் ஓசனாமும் பொதுநிலையினர்தான், கல்லூரி மாணவர்தான். அப்போது அவருக்கு 20 வயது.

மறைக்கல்வி டீச்சர் (திங்கள், மதியம் 1.35)

எல்லோரும் நல்ல விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். நான் படிப்பு பற்றிச் சொல்லட்டுமா?

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் வகுப்பு எடுக்கிறேன். புனிதர் என்றால் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளை என்று ஒரு எண்ணம் அவர்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஃபிரஸாத்தி லத்தீன் பரீட்சையில் தோற்றவர். அதனால்தான் பள்ளியை மாற்றி இயேசு சபையார் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கேதான் தினமும் நற்கருணை வாங்கும் பழக்கம் வந்தது. தோல்வி வராமல் இருந்திருந்தால் அந்தப் பள்ளிக்கே போயிருக்கமாட்டார்.

அப்புறம் தூரின் பாலிடெக்னிக்கில் சுரங்கப் பொறியியல். 1918இல் சேர்ந்தவர் 1925இல் சாகும்போதும் முடித்திருக்கவில்லை. இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி! படிப்பு அவருக்குச் சுலபமாக வரவில்லை, மணிக்கணக்கில் உட்கார்ந்து முட்டி மோதித்தான் படித்தார். வீட்டில் அவரைக் கெட்டிக்காரப் பிள்ளை என்று யாரும் நினைக்கவில்லை. அப்பாவுக்கு மகன் பெரிய ஏமாற்றம். அந்தப் பட்டத்தைக் கல்லூரி 2001இல் கொடுத்தது, இறந்து 76 வருடம் கழித்து.

நம் ஊரைச் சுற்றி எத்தனை இன்ஜினியரிங் காலேஜ். அரியர் வைத்துவிட்டு வீட்டில் முகம் காட்ட முடியாமல் இருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர். ஒரு வருடம் என் வகுப்பிலிருந்து போன பையன் ஒருவன் ரிசல்ட் அன்று வீட்டுக்கே போகாமல் பஸ் ஸ்டாண்டிலேயே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் எனக்கு போன் செய்தான். அவனுக்குச் சொல்ல அன்றைக்கு எனக்கு இப்படி ஒரு புனிதர் இல்லை. இன்றைக்கு இருக்கிறார். இதை விட்டுவிடாதே கண்ணு.

கடைசி பெஞ்ச் (திங்கள், மதியம் 1.52)

டீச்சர், இரண்டு பரீட்சை பாக்கி வைத்தவர் பீடத்தில் இருக்கிறார் என்று எங்கள் அம்மாவிடம் இன்றைக்கே சொல்கிறேன்.

நாஞ்சில்காரன் (திங்கள், இரவு 8.15)

பிழைப்புக்காகச் சேலத்தில் இருக்கிறேன், சொந்த ஊர் குமரி மாவட்டம். ஒரு மாற்றுக் கருத்து, கோபப்படாமல் கேளுங்கள்.

பொதுநிலையினரில் ஒரு புனிதரைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் நமக்குத் தேவசகாயம் இருக்கிறாரே. நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகம். மனைவியோடு குடும்பம் நடத்தியவர். டச்சுத் தளபதி டிலனாய் மூலம் விசுவாசத்தை அறிந்து 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கினார். சாதி பார்க்காமல் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டது அவர் மேல் விழுந்த பகையில் பெரிய பங்கு. சங்கிலி போட்டு ஊர் ஊராக இழுத்துப்போய், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். தமிழ் பேசிய, நம் மண்ணில் நடந்த ஒரு பொதுநிலையினர் இருக்கும்போது இத்தாலிக்கு ஏன் போக வேண்டும்? கோட்டாறு பேராலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அவர் கல்லறையின் முன் நிறுத்துங்கள், 20 நிமிடப் பேச்சே வேண்டாம்.

மலையடிவாரம் (திங்கள், இரவு 8.40)

அண்ணே, கோபமெல்லாம் இல்லை. தேவசகாயம் மேல் எனக்கு இருக்கிற பக்தியை அளந்து சொல்ல முடியாது. ஆனால் அவர் வேதசாட்சி. உயிரைக் கொடுத்த ஒரு தருணத்தில் அவர் வாழ்வு முழுவதும் வந்து நிற்கிறது. பிள்ளைகள் அவரைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள், ஆனால் நாளைக் காலை காலேஜ் பஸ்ஸில் ஏறும்போது அவர் மாதிரி என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. ஃபிரஸாத்தியை யாரும் கொல்லவில்லை. செவ்வாய், புதன், வியாழன் என்று சாதாரண நாள்கள்தான் அவர் வாழ்வு. அதனால்தான் அவரை எடுத்துப் பேச எனக்கு ஆசை.

நாஞ்சில்காரன் (திங்கள், இரவு 9.05)

சாதாரண நாள்கள் தேவசகாயத்துக்கும் இருந்தன தம்பி. சங்கிலி விழுவதற்கு முன்னால் நாலு வருடம் விசுவாசியாக அரண்மனை வேலை பார்த்தார். அந்த நாலு வருடத்தை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் வருத்தம். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு, மேல்சாதிக்காரர் முகம் சுளிப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு, தாழ்ந்தவன் என்று ஒதுக்கப்பட்டவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது சாதாரண நாளில் செய்த வேலைதானே? கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்த வரலாறு தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு உண்டு. இதை ஃபிரஸாத்தி நமக்காகப் பேசமாட்டார். இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மறைக்கல்வி டீச்சர் (திங்கள், இரவு 9.20)

நாஞ்சில்காரர் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. சாதியைத் தொடாமல் நம் ஊரில் ஏழையைப் பற்றிப் பேசவே முடியாது.

வெள்ளைக்கல் (செவ்வாய், காலை 5.50)

எனக்கு வயசாகிவிட்டது, டைப் செய்ய நேரம் பிடிக்கும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. அந்தப் பிள்ளை ஏன் சுரங்கப் படிப்பைத் தேர்ந்தெடுத்தான்?

அப்பாவின் பத்திரிகை இருக்கிறது, அரசியல் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டுச் சுரங்கப் பொறியியல். தொழிலாளிகளிலேயே அதிகம் கஷ்டப்படுகிறவன் சுரங்கத் தொழிலாளி, அவன் நடுவில் போய் கிறிஸ்துவுக்கு வேலை செய்ய வேண்டும் என்பதற்காக. இதைப் படித்த அன்று நான் வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சேலத்துக்காரர்களுக்குச் சேர்வராயன் மலை என்றால் ஏற்காடு, குளிர், காப்பி. அதே மலையின் காலடியில் வெள்ளையாகத் தெரிகிற கரடு இருக்கிறதே, செட்டிச்சாவடி பக்கம், அங்கேதான் என் வயசெல்லாம் போனது. மாக்னசைட் சுரங்கம். நாங்கள் வெள்ளைக்கல் என்போம். கரும்பாறைக்குள் நரம்பு நரம்பாக வெள்ளைக்கல் ஓடும். வெடி வைத்து உடைத்து, கல்லைத் தட்டிப் பிரித்து, சூளையில் சுட்டு, இரும்பு உருக்கும் உலைகளுக்கான செங்கல்லுக்கு அனுப்புவார்கள். பெண்கள் உட்கார்ந்து சின்னச் சுத்தியலால் கல்லைத் தட்டி அழுக்கு நீக்குவார்கள். சாயந்திரம் வீட்டுக்குக் கிளம்பும்போது இமை முடி வரைக்கும் வெள்ளையாக இருக்கும். தலையில் கட்டின துணியை உதறினால் புகை மாதிரி எழும்பும். வெயில் காலத்தில் அந்த வெள்ளையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கண்ணைக் குத்தும்.

எங்களுக்கு மேலே எத்தனையோ இன்ஜினியர்கள் வந்தார்கள், போனார்கள். நல்லவர்களும் உண்டு. தூசியில் எங்களோடு நின்று கஞ்சி குடித்தவர் என்று ஒருவரைத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். கிறிஸ்தவரும் இல்லை அவர். எங்கள் தெருவில் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை சுரங்கத்துக்குள் வேலைக்குப் போகாமலே செத்துவிட்டான் என்பது வேறு விஷயம். சாவதற்குச் சில வாரம் முன்னால் அப்பா ஆள் மூலம் சொல்லியனுப்பினார், படிப்பு முடிந்ததும் பத்திரிகை நிர்வாகத்துக்கு வர வேண்டும் என்று. அப்பாவுக்காகச் சரி என்று சொல்லிவிட்டான். ஏழு வருடம் முட்டி மோதிய ஆசையை அந்த ஒரு சொல்லில் விட்டுக்கொடுத்தான். அந்த வீட்டில் தாயும் தகப்பனும் பிரியும் நிலையில் இருந்தார்கள். தங்கைக்கு அந்த ஜனவரியில்தான் கல்யாணம் ஆகிப் போயிருந்தது. வீட்டைத் தாங்க இவன் ஒருத்தன்தான் மிச்சம்.

பிள்ளைகளிடம் இதையும் சொல் தம்பி. நீ என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்கிறோம். யாருக்காகப் படிக்கப்போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

செவ்வாய்ப்பேட்டை (செவ்வாய், காலை 7.15)

ஐயா, நன்றி. வேறென்ன சொல்வது.

ஏற்காட்டுக்காரி (செவ்வாய், மாலை 6.30)

மலை பற்றிப் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். பிறந்து வளர்ந்தது ஏற்காடு. அப்பா எஸ்டேட்டில் கணக்குப் பார்த்தவர்.

முதலில் ஒரு சண்டை. எங்கள் இளைஞர் இயக்கம் மலையில் ஒரு நாள் நடைப்பயணம் போகலாம் என்று திட்டம் போட்டது. ஆண் பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளை வீட்டில் விடவில்லை. 'பசங்களோட காட்டுக்குள்ள என்ன வேலை?' கடைசியில் பசங்கள் மட்டும் போனார்கள், நாங்கள் கோயிலில் பூ அலங்காரம் செய்தோம்.

ஃபிரஸாத்தி 1924 மே மாதம் நண்பர்களைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தார். போக்கிரிகள் சங்கம் என்கிற மாதிரி விளையாட்டாக ஒரு பெயர். ஒவ்வொருவருக்கும் பட்டப்பெயர், அவருடையது பிரெஞ்சுப் புரட்சித் தலைவரின் பெயரான ரோபஸ்பியர். அதில் பெண்களும் இருந்தார்கள். சேர்ந்து மலை ஏறினார்கள், பாடினார்கள், கேலி செய்துகொண்டார்கள், பூசை கண்டார்கள், ஒருவருக்காக ஒருவர் ஜெபித்தார்கள். அந்தப் பயணங்களைப் பற்றித்தான் பிற்பாடு வம்பு பேசினார்கள். 1932இல் தொடங்கிய புனிதர் பட்ட வேலை நடுவில் வருடக்கணக்கில் நின்றதற்கு அந்த வம்பும் காரணம். தங்கை லூசியானாதான் கூடப் போனவர்களைத் தேடித் தேடிச் சாட்சியங்கள் சேகரித்து அண்ணனின் பெயரைக் காப்பாற்றினார். 105 வயது வரை வாழ்ந்து 2007இல் இறந்தார். அண்ணன் அருளாளர் ஆனதைக் கண்ணால் பார்த்தார்.

அந்தக் குழுவில் லௌரா ஹிதால்கோ என்று ஒரு பெண். கணிதம் படித்தவர், பெற்றோர் இல்லாதவர். அவரை இவர் மனசார நேசித்தார். அவரிடம் சொல்லவே இல்லை. தன் வீட்டில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், ஏற்கெனவே உடையப்போகிற குடும்பம் தன்னால் உடையக்கூடாது என்று நினைத்தார். இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. லௌராவிடம் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது, அவருக்கும் ஒரு மனசு இருந்திருக்குமே. ஆனால் ஒரு பெண்ணை நேசித்துக்கொண்டே அவளோடு கண்ணியமாக நட்பாக இருக்க ஒரு இளைஞனால் முடியும் என்பதை மேடையில் சொல்லுங்கள். எங்கள் அம்மா அப்பாக்களும் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை பைக்குகள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, காலையிலேயே சீறிக்கொண்டு வருகிறார்கள். அதில் நம் பங்குப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பூசையை விட்டுவிட்டு. ஃபிரஸாத்தி மலைக்குப் போகிற நாளில் விடியற்காலைப் பூசை கண்டுவிட்டுத்தான் கிளம்புவார். பூசைக்கு வழி இல்லாத பயணம் என்றால் அவருக்கு வேண்டாம். 6 மணிப் பூசை முடித்துவிட்டுக் கிளம்பினால் 8 மணிக்கு ஏற்காட்டில் இட்லி சாப்பிடலாம். மலை எங்கேயும் போய்விடாது.

ஒரு தகப்பன் (செவ்வாய், இரவு 9.00)

பெண் பிள்ளையைப் பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்தத் தங்கச்சி சொல்கிற வருத்தம் புரிகிறது. எங்கள் பயம் எங்கள் மகள்கள் மேல் உள்ள சந்தேகம் இல்லை. காட்டில் ஒன்று என்றால் யார் பொறுப்பு? 2018 மார்ச்சில் குரங்கணியில் தீயில் சிக்கிய பிள்ளைகளை டிவியில் பார்த்தவர்கள் நாங்கள். வனத்துறை அனுமதி, வழி தெரிந்த உள்ளூர் ஆள், கூட இரண்டு பெரியவர்கள், இதெல்லாம் இருந்தால் நான் முதல் ஆளாக என் மகளை அனுப்புவேன். வீட்டுக்கு வந்து பெற்றோரிடம் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் போட்டுவிட்டு அனுப்பு என்றால் அனுப்பமாட்டோம்.

ஏற்காட்டுக்காரி (செவ்வாய், இரவு 9.12)

அங்கிள், சரி. வீட்டுக்கு வந்து பேசுகிறோம். அனுமதி வாங்கிய பாதையில்தான் போவோம்.

கடைசி பெஞ்ச் (புதன், காலை 8.05)

அரசியல் பற்றி யாரும் எழுதவில்லையே? நெட்டில் தேடினேன். 1921இல் ரோமில் கத்தோலிக்க இளைஞர் ஊர்வலத்தில் காவலர்கள் கொடியைப் பிடுங்க வந்தபோது இவர் விடாமல் போராடிப் பிடித்துக்கொண்டு கைதாகியிருக்கிறார். 1924 ஜூனில் ஃபாசிஸ்டுகள் வீட்டுக்குள்ளேயே புகுந்து அடித்து நொறுக்க, இவர் எதிர்த்து நின்று துரத்தியிருக்கிறார். அப்பாவும் முசோலினி ஆட்சிக்கு வந்ததும் தூதர் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். சாந்தமான பையன் என்று நினைத்தேன், ஆள் வேற மாதிரி.

சபை உறுப்பினர் (புதன், காலை 8.30)

ஆமாம் தம்பி, சாந்தம் என்றால் சும்மா இருப்பது இல்லை. பாமர மக்களுக்காக தொன் ஸ்தூர்ஸோ என்ற குருவானவர் தொடங்கிய மக்கள் கட்சியில் உறுப்பினராகவும் இருந்தார். தருமம் மட்டும் போதாது, சட்டமும் கூலியும் மாற வேண்டும் என்று நம்பியவர். ஆனால் ஒன்று கவனி. அடிதடி நடந்த அந்த வாரத்திலும் வெள்ளிக்கிழமை வீட்டுச் சந்திப்பை அவர் விட்டிருக்கமாட்டார் என்றே நான் நம்புகிறேன். தினமும் காலையில் நற்கருணையில் இயேசு என்னைப் பார்க்க வருகிறார், ஏழைகளைப் பார்க்கப் போய் நான் அதைத் திருப்பிச் செய்கிறேன், இதுதான் அவருடைய கணக்கு.

சாவும் அந்த வீடுகளில் இருந்துதான் வந்தது என்கிறார்கள். அவர் படுத்த அதே நாள்களில் பாட்டி சாகக் கிடந்தார். வீடே பாட்டியைச் சுற்றி நின்றது. இவர் தலைவலி, உடம்பு வலி என்றதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஜூலை 1 அன்று பாட்டி போனார், 4ஆம் தேதி சாயந்திரம் இவர். பணக்கார வீட்டுச் சாவு, பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று குடும்பம் எதிர்பார்த்தது. தெரு நிறைய வந்து நின்றது ஏழைகள். யார் இவர்கள் எல்லாம் என்று அந்த அப்பாவுக்குத் தெரியவில்லை. மகன் யார் என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

நாஞ்சில்காரன் (புதன், காலை 9.10)

உடல் அழியாமல் இருந்ததையும், 2008இல் சிட்னி இளைஞர் மாநாட்டுக்குக் கொண்டுபோனதையும், லாஸ் ஏஞ்சல்ஸ் குருமாணவருக்குக் கூடைப்பந்தாட்டத்தில் அறுந்த குதிகால் தசைநார் குணமானதையும் சொன்னால் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்கள். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

மலையடிவாரம் (புதன், இரவு 10.20)

எல்லோருக்கும் நன்றி. பங்குத்தந்தையிடம் பேசிவிட்டேன். பேச்சை 12 நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன். அடகுச் சீட்டில் தொடங்கி, பாக்கி இரண்டு பரீட்சை, சுரங்கம், கடைசியில் ஜூலை 6ஆம் தேதி அடக்கத்துக்கு வந்த கூட்டம். தேவசகாயத்தைப் பற்றி நாஞ்சில்காரர் அண்ணன் நேரில் வந்து எட்டு நிமிடம் பேச வேண்டும், அந்த அரண்மனை நாலு வருடத்தை மட்டும். மறுக்கக் கூடாது அண்ணே.

மலைப்பயணம் அடுத்த மாதம். 6 மணிப் பூசைக்குப் பிறகு. ஆண் பெண் இருவரும். பெற்றோர் வீடுகளுக்கு நானும் டீச்சரும் ஏற்காட்டுத் தங்கச்சியும் போய்ப் பேசுகிறோம். மலையில் வியூ பாயின்ட் பார்ப்பதோடு நிற்காமல், எஸ்டேட் லைன் வீடுகளில் தனியாக இருக்கிற பெரியவர்களையும் பார்க்கலாம் என்று தங்கச்சி சொல்லியிருக்கிறார்.

அதற்கு முன்னால் ஒன்று. சபை உறுப்பினர் அண்ணே, வருகிற வெள்ளிக்கிழமை உங்களோடு வீட்டுச் சந்திப்புக்கு வர இளைஞர்களில் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எங்கே, எத்தனை மணிக்கு வர வேண்டும்? கையில் என்ன கொண்டுவர வேண்டும்?

சபை உறுப்பினர் (வியாழன், காலை 6.05)

சாயந்திரம் 5.30, கோயில் கெபி பக்கம். ஒரு ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்புவோம். இரண்டு பேருக்கு ஒரு வீடு. ஒரு வீடு வெள்ளைக்கல் ஐயா சொன்ன செட்டிச்சாவடிப் பக்கம், அங்கே பஸ் குறைவு, பைக் இருக்கிற இரண்டு பேர் அதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை எதுவும் கொண்டுவர வேண்டாம். போட்டோ எடுக்க வேண்டாம், ஸ்டேட்டஸும் வேண்டாம். அடுத்த வெள்ளியும் வர முடிகிறவர்கள் மட்டும் வந்தால் போதும், ஏனென்றால் அந்த வீடுகளில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசி பெஞ்ச் (வியாழன், காலை 7.40)

அண்ணா, செட்டிச்சாவடி வீடு எனக்கு. ஃப்ரெண்ட் பைக் தருகிறான். ஐயா, வழி மட்டும் சொல்லுங்கள்.